கண்ணுக்குள் இருந்த மச்சம்

ஏசுபாதத்துக்குப் பல்லாவரம் தோல் தொழிற்சாலையில் வேலை. தொண்ணூற்றிரண்டு கோடையில் சுண்ணாம்புத் தண்ணீர் தெறித்து அவன் கண் சிவந்துபோக, அக்கா அருள்மேரி அவனைக் குரோம்பேட்டையில் ஒரு கண் டாக்டரிடம் கூட்டிப் போனாள். டாக்டர் சொட்டு மருந்து விட்டு, நெற்றியில் விளக்கை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். சிவப்பு இரண்டு நாளில் போய்விடும் என்றவர், சம்பந்தமில்லாமல் ஒன்று கேட்டார்.

"உங்க அப்பா எப்படித் தவறினார்?"

"மூலம் சார். ரத்தமா போயிட்டே இருந்தது. முப்பத்தொன்பது வயசு," என்றாள் அருள்மேரி.

"தம்பிக்கு ரெண்டு கண்ணுக்குள்ளயும் கறுப்பா மச்சம் மாதிரி நாலஞ்சு இருக்கு. பார்வைக்கு ஒண்ணும் பண்ணாது. ஆனா சில குடும்பத்துல இது இருந்தா பெருங்குடல் முழுக்கச் சின்னச் சின்னதா சதை வளரும். விட்டா புற்றாயிடும். அப்பாவுக்கு வந்தது மூலம்தானான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு."

"கண்ணைக் காட்ட வந்தா வவுத்தைப் பத்திப் பேசறாரேக்கா," என்று வெளியே வந்து சிரித்தான் ஏசுபாதம். அப்பாவும் இப்படித்தான் எல்லாவற்றையும் சிரித்தே தள்ளிப்போட்டார். அருள்மேரி மூன்று வாரம் நச்சரித்து, கடைசியில் கையைப் பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். குழாய் விட்டுப் பார்த்தபோது எண்ண முடியாத அளவு சதை. பெருங்குடலையே எடுத்தார்கள். பரிசோதனை முடிவு வர ஒன்பது நாளானது. புற்று இன்னும் தொடங்கவில்லை என்றிருந்தது.

வீடு திரும்பியதும் அவன் கேட்ட முதல் கேள்வி, "நீ எப்பக்கா பாக்கப் போற?"

பள்ளியில் பரீட்சை என்றாள், பிறகு கிறிஸ்துமஸ் என்றாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். தெரிந்துகொள்ளவே பயம். ஜனவரியில் ஒரு நாள் அவள் டீச்சராக இருந்த செம்பாக்கம் பள்ளி வாசலில் வந்து நின்றான். "லீவு சொல்லிட்டு வா. நானும் வரேன்."

அதே கண் டாக்டரிடம் போனார்கள். அவள் கண்ணில் மச்சம் இல்லை. "தம்பிக்கு இருந்து உனக்கு இல்லைன்னா நல்ல சேதிதான்மா. ஆனா கண்ணை மட்டும் நம்பக்கூடாது, குடலையும் பாத்துடு," என்றார் டாக்டர். அடுத்த வாரம் பெரியாஸ்பத்திரியில் அதையும் பார்த்தார்கள். சுத்தமாக இருந்தது.

வராந்தாவில் காத்திருந்த தம்பியின் முகத்தைப் பார்க்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. தப்பு செய்தவள் போல, "எனக்கு இல்லடா," என்றாள்.

அவன் பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். ஆபரேஷனுக்குப் போகும்போதுகூட அழாதவன்.

"நம்ம ரெண்டு பேருக்கும் இருந்தா உன் பசங்களை யாரு பாத்துப்பாங்கன்னு நெனச்சிகினே இருந்தேன்க்கா. இப்ப இன்னா, ஒண்ணும் இல்ல."

வெளியே வந்து அவளுக்குக் கொய்யாப்பழம் வாங்கிக் கொடுத்தான். தாம்பரம் ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. கிண்டி தாண்டுவதற்குள் அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். குடலைப் பார்ப்பதற்காக முந்தின நாளிலிருந்து வெறும் வயிறு அவளுக்கு. அவனை எழுப்பாமல் ஒரு கையாலேயே பழத்தைக் கடித்துத் தின்றாள்.