லவுரேஞ்சியார் சாகாத வருஷம்

1964 ஆகஸ்டில் ரோமாபுரி செஞ்சியில், ராஜகிரிக்குக் கீழே இருந்தது. பந்தல்காரர் ஒரே பகலில் கட்டி முடித்திருந்தார்.

மாதா கோயில் திருவிழாவுக்குப் புனிதர் லவுரேஞ்சியார் நாடகம். ரோமாபுரி ராஜா கோயில் பொக்கிஷத்தைக் கேட்கிறான். லவுரேஞ்சியார் ஏழைகளைக் கூட்டிவந்து, இவர்கள்தான் பொக்கிஷம் என்கிறார். ராஜா அவரை இரும்புக் கட்டிலில் கிடத்தி, அடியில் நெருப்பு வைத்துக் கொல்கிறான்.

நான்கு தலைமுறையாக லவுரேஞ்சியார் வேஷம் பெரிய வீட்டு ராயப்பனின் குடும்பத்துக்குத்தான். கடலை பிடுங்கும் கூலிக்காரன் மதலைமுத்துவும் அவன் தெருக்காரர்களும் ஏழைகளாக வருவார்கள். அந்த வருஷம் புதிதாக வந்த சாமியார் வேஷத்தை மதலைமுத்துவுக்குக் கொடுத்துவிட்டார். ராயப்பன் ராஜாவாக நடிக்க ஒப்புக்கொண்டது ஒரே நிபந்தனையில்: மதலைமுத்து நடுவில் பின்வாங்கினால், வேஷம் என்றைக்கும் பெரிய வீட்டுக்கே.

நெருப்புக்கு ஏற்பாடு செய்யும்படி கோவிந்தசாமியிடம் சொல்லியிருந்தார் சாமியார். அரிக்கேன் விளக்கில் சிவப்புக் காகிதம் ஒட்டுவான் என்பது அவர் நினைப்பு. கோவிந்தசாமியோ இருபது வருஷமாகத் திரௌபதியம்மன் தீமிதிக்குத் தணல் போடுகிறவன். புளியங்கட்டையை எரித்து, சாம்பலை முறத்தால் விசிறிவிட்டு, கட்டிலுக்கடியில் கணகணவென்று பரப்பியிருந்தான்.

"என்னப்பா இது?" என்றார் சாமியார்.

"நெருப்பு சாமி. வேற இன்னா நெருப்பு இருக்குது?"

சிம்மாசனத்திலிருந்து ராயப்பன், "இன்னா மதலை, வேஷத்த கலைச்சிடலாமா?" என்றார்.

மதலைமுத்து ஏழைகள் பக்கம் பார்த்தான். அங்கிருந்து அவன் பெண்டாட்டி சூசையம்மா சொன்னாள்: "பாத்துக்கினே நிக்கிறியே, ஏறுய்யா."

ஏறிப் படுத்தான். நான் முன்வரிசை. அவன் முதுகுக்கடியில் ஈரச்சாக்கு, வாழைப்பட்டை எதுவும் கிடையாது.

கொஞ்ச நேரம் கழித்து, "ராஜாவே, இந்தப் பக்கம் வெந்துட்டுது, திருப்பிப் போடச் சொல்லு" என்றான். சேவகர்கள் அனல் தாங்காமல் கிட்டேயே வரவில்லை. தானே புரண்டு படுத்து, ரோமாபுரி ஜனங்களுக்காகத் தெருத்தெருவாக வேண்ட ஆரம்பித்தான். அந்த ஊர்த் தெருக்கள் தெரியாததால் செஞ்சித் தெருக்களுக்கே வேண்டினான். அவை முடிந்து வேண்டுதல் பக்கத்துச் சிங்கவரத்துக்குப் போனபோது ராஜாவின் ஒட்டுமீசை கருகிச் சுருண்டது. தொண்டூரைத் தொட்டபோது ராஜா கிரீடத்தைக் கழற்றி விசிறிக்கொண்டே திண்டிவனம் ரோட்டில் இறங்கிப் போய்விட்டார்.

சாமியார் திரை ஓரத்திலிருந்து கெஞ்சினார். "மதலை, நீ சாகணும்பா. கதை முடியல."

"சாவடிக்க ராஜாவே இல்லியே சாமி."

சாமியார் யோசித்தார். அவர் படித்த எந்தப் புத்தகத்திலும் இதற்கு வழி இல்லை. "சரி, எழுந்திரு. அடுத்த வருஷமும் நீயே வந்து சாவு" என்றார்.

மதலைமுத்துவின் முதுகில் நான்கே கோடு, வேர்க்குரு அளவுக்கு. ஏழைகள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு, பேண்டு வாத்தியத்தோடு, ரோமாபுரியை மூன்று சுற்று சுற்றினார்கள்.