சூப்புக்குக் கீழே ஒரு கையெழுத்து

போஸ்டர் கப்பலுக்கு வந்து நான்கு நாளாகியிருந்தது.

சமையலறையில் அந்த ஆளுக்கு அதுதான் பேர். இரண்டு வருடமாக உணவுக்கூட வாசலில் ஆளுயரப் படமாக மட்டும் நின்றவர். கையைக் கட்டிக்கொண்டு, வெள்ளைக் கோட்டில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல். டிவியில் அவர் வெங்காயம் நறுக்கினால் ஊரே வாய் பிளந்து பார்க்கும். கப்பல் கம்பெனி அவர் பேரை வாங்கி உணவுக்கூடத்துக்கு வைத்தது. சமைத்தது என்னவோ பதினெட்டுப் பேர். கையெழுத்துப் போட்டது ஒருவன்.

அந்த ஒருவனுக்குக் கார்டு அறையில் வேலை. நீர்மட்டத்துக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறை. தினமும் நூற்று எண்பத்து நான்கு மெனு கார்டு அச்சடிக்க வேண்டும். மேலே அத்தனை நாற்காலி. ஒவ்வொரு கார்டின் அடியிலும் போஸ்டரின் கையெழுத்தைப் பழுப்பு மையில் போட வேண்டும். ஆரம்பத்தில் கையெழுத்தையும் சேர்த்தே அச்சடித்தார்கள். பயணிகள் விரலை நாக்கில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார்கள். மை கலையவில்லை என்றதும் புகார் எழுதினார்கள். அதிலிருந்து கையால்தான். தேய்க்கிற பழக்கம் மட்டும் அவர்களை விட்டுப் போகவில்லை. மேஜையிலிருந்து திரும்பி வரும் கார்டுகளில் எச்சில் பட்டுப் பழுப்பு இழுபட்டிருக்கும். அவன் நுனிவிரலால் தூக்கிக் குப்பையில் போடுவான்.

பிறர் கையெழுத்து அச்சாக வரும் என்று வேலை விண்ணப்பத்தில் எழுதியிருந்தான். எப்படி வந்தது என்று எழுதவில்லை.

அவன் மனைவி எட்டு மாதத்துக்கு முன் இறந்துபோனாள். இருபத்தொன்பது வயது. ஏழு மாதம் படுக்கை. ஊசி ஏற்றி ஏற்றி வலது கை வீங்கிப்போனதால் ஆஸ்பத்திரிப் படிவம், பேங்க் படிவம், ஆபீசுக்கு லீவ் லெட்டர் எல்லாவற்றிலும் அவள் கையெழுத்தை அவன்தான் போட்டான். அவள் பக்கத்தில் படுத்தபடி திருத்துவாள்.

"கடைசி வாலை ஏன் கீழ இழுக்கிற? மேல தூக்கு. பாக்கிறவன் நான் படுத்துட்டேன்னு நெனைப்பான்."

படுத்துக்கொண்டேதான் சொன்னாள். மூன்றாம் மாதம், அவன் போட்டதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "என்னோடதை விட நல்லா இருக்கு. நான் போனாலும் என் பேர்ல லோன் வாங்கலாம்" என்று சிரித்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. வந்திருக்கலாம்.

இன்றைக்குக் கப்பல் எந்தத் துறைமுகத்திலும் நிற்கவில்லை. மதியம் ஒரு மணிக்குப் போஸ்டரே நின்று நடத்தும் விருந்து, ஏழு வகை. கார்டில் என்ன போடுவது என்று அவர் எழுதிக் கொடுத்தது காலை பத்து மணிக்கு நேராக அச்சு மெஷினுக்கே வந்துவிட்டது. முதல் கார்டு வெளியே விழுந்ததும் பிழை பார்க்க எடுத்தான். மூன்றாவது வகைக்கு 'நினைவின் சூப்' என்று பேர். அதன் கீழே நான்கு வரி.

'என் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்த அன்று, எழுந்து நின்று எனக்காகத் தக்காளி சூப் வைத்தாள். அடுப்பை மறந்து புத்தகம் படித்தாள். அடிப்பிடித்துவிட்டது. நான் ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். அதுதான் அவள் கடைசியாகச் சமைத்தது.'

இரண்டாம் முறை படிக்கத் தேவைப்படவில்லை. அவன் சொன்ன வாக்கியங்கள் அவை. நான்கு நாளைக்கு முன், ஊழியர்கள் சாப்பிடும் அறையில், காமிராக்காரனோடு வந்த போஸ்டர் அவன் தோளில் கை போட்டு, "மனசைத் தொடுற மாதிரி ஒரு சாப்பாட்டுக் கதை சொல்லு தம்பி" என்றார். கை வெதுவெதுப்பாக இருந்தது. எட்டு மாதமாக யாரும் அவன் தோளைத் தொட்டிருக்கவில்லை. சொல்லிவிட்டான். அவள் பேரை மட்டும் சொல்லவில்லை. அவள் போனதிலிருந்து அதை அவன் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. போஸ்டர் கேட்கவும் இல்லை.

அவன் கார்டோடு சமையலறைக்கு ஏறினான். சூப் பகுதியைப் பார்க்கும் அண்ணன் பெரிய அண்டாவுக்கு மேல் குனிந்து, ஒரு குட்டி பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தார்.

"அது என்னண்ணே?"

"புகை. அடிப்பிடிச்ச வாசனை, பாட்டில்ல வருது. நெஜமாவே தீய விட்டா பாத்திரம் தேய்க்கிறவன் என்னையும் சேர்த்துத் தேய்ச்சிடுவான்."

"கார்டு படிச்சீங்களா?"

"எழுதிக் கொடுத்ததைக் காட்டினாங்க. கண்ணு கலங்கிடுச்சுப்பா. அப்புறம்தான் மண்டைல உறைச்சுது. அந்த ஆளுக்கு மூணு கல்யாணம். மூணு அம்மாவும் குத்துக்கல்லாட்டம் இருக்காங்க. மூணாவது மேல் டெக்குல முதுகு பிடிச்சு விடச் சொல்லிப் படுத்திருக்கு. இதுல செத்தது எது?"

அண்ணன் தலையைத் தூக்கி அவன் முகத்தைப் பார்த்தார்.

"டேய். உன்னோடதா?"

"ஆமாண்ணே."

அண்ணன் பாட்டிலை மூடி வைத்தார். "தூ" என்றார். சமையலறை என்பதால் சத்தம் மட்டும்தான். "போய் மேனேஜர்கிட்ட சொல்லு. இன்னும் நேரம் இருக்கு."

மேனேஜர் உணவுக்கூடத்தில் ஸ்பூன்களை நூல் பிடித்த மாதிரி அடுக்க வைத்துக்கொண்டிருந்தார்.

"சார், மூணாவதுக்குக் கீழ இருக்கிற நாலு வரியை எடுத்துடலாம்."

"ஏன், எழுத்துப் பிழையா?"

"இல்ல சார். அது என் வொய்ஃப்."

மேனேஜர் ஒரு ஸ்பூனை எடுத்து ஊதி, துடைத்து, திரும்ப வைத்தார். "தெரியும்ப்பா. அவரே சொன்னார். உன் கதை அவருக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. நீ சந்தோஷப்படணும்."

"வேற அடிக்க இருபது நிமிஷம் போதும் சார்."

"தம்பி, அந்த நாலு வரிக்காகத்தான் சூப்பே. அதை எடுத்துட்டா அது என்ன? தக்காளித் தண்ணி. கதை யாரோடதா இருந்தா என்ன? கையெழுத்து அவரோடது."

"கையெழுத்து என்னோடது சார்."

மேனேஜர் வாய்விட்டுச் சிரித்தார். "நல்லாப் பேசற. பன்னிரண்டே முக்காலுக்குக் கார்டு மேஜையில இருக்கணும்."

கீழே வந்து பேனாவைத் திறந்தான். அந்த நான்கு வரிக்குக் கீழே போஸ்டரின் கையெழுத்தைப் போட வேண்டும். நூற்று எண்பத்து நான்கு தடவை, அவள் அந்த ஆளின் மனைவி என்று எழுதிக் கொடுப்பதற்குச் சமம். பேனா தாளைத் தொட்டது. கை அசையவில்லை.

பிறகு கை தானாகப் போனது. முதலில் ஒரு சுழி, நடுவில் ஒரு முடிச்சு, கடைசியில் மேலே தூக்கிய வால். எட்டு மாதம் கழித்தும் ஒரு மயிரிழை பிசகவில்லை. அவளுடைய சூப், அவளுடைய கையெழுத்து. அடுத்த கார்டை எடுத்தான். அடுத்தது. பன்னிரண்டரைக்கு எல்லாம் முடிந்தது. மேனேஜர் வந்து கட்டின் கனத்தை மட்டும் பார்த்துத் தூக்கிக்கொண்டு போனார்.

விருந்து நடக்கும்போது அவன் சுவரோரம் உபரிக் கார்டுகளோடு நிற்க வேண்டும். யாராவது கார்டில் எதையாவது கொட்டினால் புதிது கொடுக்க வேண்டும். நின்றான். சூப் வந்தது. போஸ்டர் நடுக்கூடத்தில் நின்று நான்கு வரியையும் தழுதழுத்த குரலில் வாசித்தார். புத்தகம் என்ற இடத்தில் ஒரு வினாடி நிறுத்தினார். ஒத்திகை பார்த்த நிறுத்தம்.

ஐந்தாவது மேஜையில் ஓர் அம்மாள். இந்தக் கப்பலில் அவளுக்கு இது பதினோராவது பயணம். தினமும் கார்டை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு ஆல்பமாகச் சேர்க்கிறவள். கார்டம்மா என்றால் எல்லோருக்கும் தெரியும். அவள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தாள்.

"செஃப், இது உங்க கையெழுத்து இல்லையே?"

போஸ்டர் சிரித்தபடி திரும்பினார்.

"நேத்து உள்ளது வேற, இது வேற. எங்கிட்ட ரெண்டு வருஷத்து ஆல்பம் இருக்கு, எனக்குத் தெரியாதா? யார் போட்டது?" அவள் விரலை நாக்கில் தொட்டாள்.

அவளைப் பார்த்து அடுத்த மேஜை. அதைப் பார்த்து அதற்கடுத்தது. சூப் ஒட்டிய நாக்குகள் வெளியே வந்தன. விரல்கள் ஈரமாயின. கூடம் முழுக்கத் தேய்த்தார்கள்.

இதை அவன் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. ஆறு மாதமாகத் தினமும் பார்த்த விஷயம். அது எப்படி மறந்துபோனது என்று அவனுக்கே தெரியவில்லை. அவள் பேரின் மேல் நூறு பேருடைய எச்சில். அவனே எழுதி, தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் கொடுத்திருக்கிறான். போஸ்டர் ஒரு தடவை திருடினார். இவன் நூற்று எண்பத்து நான்கு தடவை விநியோகம் செய்தான்.

போஸ்டர் கார்டை வாங்கிப் பார்த்தார். முகம் ஒரு கணம் வெளிறியது. மறுகணம் கை நெஞ்சுக்குப் போனது.

"கண்டுபிடிச்சிட்டீங்களேம்மா. யாரும் கவனிக்க மாட்டாங்கன்னு நெனைச்சேன். இது என் கையெழுத்து இல்ல. அவளோடது. அவ வச்ச சூப்புக்கு அவதானே கையெழுத்துப் போடணும்?"

கப்பலில் ஏறியதிலிருந்து அந்த மனிதர் சொன்ன முதல் உண்மை அதுதான். அதுவும் அவருக்குத் தெரியாது.

கூடம் உருகிப்போனது. முதல் சம்சாரமாக இருக்கும் என்று பயணிகள் தங்களுக்குள் முடிவு கட்டிக்கொண்டார்கள். கார்டம்மா கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவங்க பேர் என்ன? கையெழுத்துல ஒண்ணும் புரியலையே" என்றாள்.

போஸ்டர் கார்டைப் பார்த்தார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஒரு சுழி, ஒரு முடிச்சு, ஒரு வால். வேறெதுவும் கிடைக்கவில்லை. மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் சுவரோரம் நின்றவனைப் பார்த்தார். போஸ்டரின் கண்ணும் அங்கே வந்து நின்றது. சொல்லு என்றது. உதடாவது அசைத்துக் காட்டு என்றது. நூற்று எண்பத்து நான்கு பேர் ஒரு பேருக்காகக் காத்திருந்தார்கள்.

அவன் உபரிக் கார்டுகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போஸ்டரை நேராகப் பார்த்தான். வாயைத் திறக்கவில்லை.

போஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். "பேர் வேண்டாம்மா. சொன்னா நான் உடைஞ்சிடுவேன்."

கைதட்டல் கூரையை முட்டியது. மூன்றாவது மனைவியும் எழுந்து நின்று தட்டினாள்.

பாத்திரம் கழுவும் அறைக்குக் கிண்ணங்கள் திரும்பி வந்தன. முக்கால்வாசிக் கிண்ணம் அப்படியே இருந்தது. மேலே ஏடு கட்டியிருந்தது. சூப் அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"அழுதாங்க. குடிக்கலை பாத்தியா?"

எச்சில் எல்லாம் அரைக்கிற மெஷினுக்குள் போனது. மீன் தோல், ரொட்டி, யாரோ மென்று துப்பிய இறைச்சி, அதோடு சூப். மறுபக்கம் சாம்பல் நிறக் கூழாக வந்தது. கிண்ணங்களுக்கு நடுவே கார்டுகளும் கிடந்தன. பெரும்பாலானவர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். விட்டுப்போனவற்றை அவன் பொறுக்கினான். ஒன்றில் பல்குத்தும் குச்சி ஒட்டியிருந்தது. ஒன்றை யாரோ உதடு துடைத்து, உதட்டுச் சாயத்தோடு மடித்துப் போட்டிருந்தார்கள். நாற்பத்தொன்று தேறின. கையிலிருந்த உபரிக் கார்டுகளையும் சேர்த்து ஒவ்வொன்றாக மெஷினுக்குள் விட்டான். நுனிவிரலால் இல்லை, முழுக் கையால். மற்ற நூற்று நாற்பத்து மூன்று பிளாஸ்டிக் உறைகளிலும் பெட்டிகளிலும் இருக்கும். அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

மேனேஜர் வேகமாக வந்தார். "உன்னைத் தூக்கிக் கடல்லயே போட்டிருப்பேன். கைதட்டல் உன்னைக் காப்பாத்திச்சு. சரி, நடந்தது நடந்து போச்சு. இனிமே தினமும் அந்த சூப் உண்டு. அந்தக் கையெழுத்தோட. செஃப் பேர் கேக்கறார், நாளைக்குக் கார்டுல போடணுமாம். சொல்லு."

"தெரியாது சார்."

"பொண்டாட்டி பேர் தெரியாதா?"

"தெரியாது."

"விளையாடாத தம்பி. அடுத்த துறைமுகத்துல இறக்கி விட்டுடுவாங்க."

"இறங்கிக்கறேன்."

மேனேஜர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். சூப் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் காலி அண்டாவை மும்முரமாகத் தேய்க்க ஆரம்பித்தார். அது அவர் வேலையே இல்லை.

"பேருக்கா பஞ்சம்? ஏதோ ஒண்ணு போட்டுக்கலாம். என் மச்சினி பேர் நல்லாத்தான் இருக்கும்." பையிலிருந்து ஒரு கார்டை எடுத்தார். நன்றாக இருந்த கார்டு, யாரும் தேய்க்காதது. "கையெழுத்தாவது போடு. கை என்ன தேஞ்சா போயிடும்?"

"எனக்கு வராது சார். நீங்களே போடுங்க."

பேனாவை அவர் கையில் வைத்தான். மேனேஜர் முணுமுணுத்துக்கொண்டே ஈர மேஜையைத் துடைத்துவிட்டு, ஒரு தாளை விரித்து, கார்டைப் பார்த்துப் பார்த்துப் போட்டார். சுழி ஓரளவு வந்தது. முடிச்சு வந்தது. ஏழெட்டு தடவை போட்டார். எட்டாவதில் வேகம் பிடித்துவிட்டது. வால் மட்டும் ஒவ்வொரு தடவையும் கீழே இழுத்துக்கொண்டு போனது.

"சரியா இருக்கா?"

அவன் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். நிதானமாகப் பார்த்தான்.

"ரொம்பச் சரியா இருக்கு சார்" என்றான். மேஜையிலிருந்த நல்ல கார்டை எடுத்து மெஷினுக்குள் விட்டுவிட்டு, கை கழுவப் போனான்.