சேவலும் ஜெபக் குறிப்பும்

தவநேசனின் வாய்க்கு வேலை நேரத்தில் வேலையே கிடையாது. திருகோணமலைத் துறைமுகத்தில் அவன் கிரேன் இயக்குபவன். மேலே கண்ணாடிக் கூண்டுக்குள் அவன். கீழே சாமான் கட்டும் இடத்தில் சைகை காட்டத் தாஹிர் நானா. விரலை மேல்நோக்கிப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினால் தூக்கு. கையை அகல விரித்தால் நிறுத்து. எட்டு மணித்தியாலமும் ஒரு சொல் தேவைப்படாது. அப்படி மிச்சம் பிடித்த பேச்சு முழுவதையும் அவன் புதன்கிழமை ஜெபக் கூட்டத்துக்குக் கொண்டுபோவான்.

அந்தக் கூட்டத்தில் ஜெபக் குறிப்புச் சொல்வது என்றொரு வழக்கம் உண்டு. யாருக்காக ஜெபிக்க வேண்டுமோ அவருடைய பாரத்தை எழும்பி நின்று சொல்ல வேண்டும். அடுத்த வீட்டுக் கதையைச் சந்தியில் நின்று கதைத்தால் அது புறங்கூறுதல். அதையே கண்ணை மூடிக்கொண்டு கதைத்தால் ஜெபக் குறிப்பு. இப்படி எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் சபையில் எல்லோருக்கும் இது மனப்பாடம்.

மாசியில் ஒரு புதன்கிழமை தவநேசன் எழும்பினான்.

"பேர் சொல்ல மாட்டன். கட்டைபறிச்சானில இருக்கிற என்ர அண்ணன் ஒருத்தரின்ர மகளுக்குப் பேசின கலியாணம் குழம்பிப்போச்சு. மாப்பிள்ளை பகுதிதான் வேண்டாமெண்டு சொன்னதாம். ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டு அண்ணன் கெஞ்சினவர். அதால நீங்களும் சொல்லாமல் ஜெபியுங்கோ."

அவனுக்கு உள்ளதே ஒரு அண்ணன், பாக்கியரத்தினம். அவருக்கு உள்ளதே ஒரு மகள், கஜந்தி. நாற்பது பேர் கண்ணீரோடு ஜெபித்தார்கள். மறுநாள் முதல் பஸ் கிளம்பும் முன்பே செய்தி கொட்டியாரக் குடாவைக் கடந்து கட்டைபறிச்சானுக்குப் போய்விட்டது. கஜந்தி ஒரு தாதி. இரத்த அழுத்தம் பார்க்க அவள் ஒரு நோயாளியின் கையில் பட்டி கட்டிக்கொண்டிருந்தபோது, முன்பின் அறியாத அந்த அம்மா, "மனம் விடாதையுங்கோ மகள், நாங்கள் எல்லாரும் உங்களுக்காக ஜெபிக்கிறம்" என்றாராம். அவள் தன் கூட்டாளிகளுக்குக்கூட அதுவரை மூச்சு விட்டிருக்கவில்லை.

அன்றிலிருந்து எட்டு மாதம் அண்ணன் போன் எடுக்கவில்லை.

ஐப்பசியில், விளைந்ததைச் சபைக்குக் காணிக்கையாகக் கொண்டுவரும் அறுப்பின் பண்டிகை வந்தது. வருடா வருடம் அண்ணன் தன் தோட்டத்துப் பூசணிக்காயோடு குடாவைச் சுற்றி வந்து, தவநேசனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவனைவிட மோசமாகப் பாடுவார். இந்த வருடம் அந்த இடத்தில் மனைவி சோபனாவின் கைப்பை இருந்தது.

முந்தின ஞாயிறு போதகர் பிரசங்கித்தது இதுதான்: காணிக்கையோடு வந்தபின் உன் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், அதை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு ஒப்புரவாகு. போதகர் தன் ஊழியத்தில் பதினொரு தடவை இதைப் பிரசங்கித்திருக்கிறார். ஒருவரும் எழும்பிப் போனதில்லை. அவரும் அதை எதிர்பார்த்துப் பிரசங்கித்தவர் அல்லர்.

பண்டிகையன்று தவநேசன் கால் கட்டிய சேவலொன்றைக் கொண்டுபோய்ப் பீடத்தின் முன்னால் வாழைக்குலைக்கும் நெற்கதிருக்கும் நடுவில் வைத்தான். நிமிரும்போது யாரோ வைத்த பூசணிக்காய் கண்ணில் பட்டது. சின்னக் காய். அண்ணனின் காயில் பாதி இருக்காது. அவ்வளவுதான். திரும்பி, தான் உட்காரும் வாங்கையும் தாண்டி வாசலுக்கு நடந்தான்.

"எங்க போறியள்?" என்றாள் சோபனா, பாட்டுப் புத்தகத்தை வாய்க்கு மறைத்து.

"அண்ணனிட்ட."

"இப்பவோ? பாட்டு முடியேல்லை."

"பாட்டு முடியட்டும் எண்டு வசனத்தில இல்லை."

"அப்ப சேவல்?"

"வைச்சிட்டுப் போ எண்டுதான் கிடக்கு."

கிண்ணியாப் பாலம் தாண்டியதும் போன் அடித்தது. மோட்டார் சைக்கிளை ஓரங்கட்டினான்.

"உங்கட சேவல் மூண்டு தரம் கூவிட்டுது," சோபனா வெளியே நின்று கதைத்தாள். "போதகர் ஐயா பிரசங்கத்தை, சேவல் கூவ முந்தி ஆண்டவரை மூண்டு தரம் மறுதலிச்ச பேதுருவின்ர கதைக்கு மாத்திட்டார். நாலாம் தரமும் கூவினா என்ன செய்யிறதெண்டு அவருக்கே தெரியாது. கெதியா வாங்கோ."

கட்டைபறிச்சானில் அண்ணன் முற்றத்தில் தண்ணீர்ப் பம்பைக் கழற்றிப் போட்டிருந்தார். தலை நிமிர்த்தவில்லை.

"ஆர் செத்தது?" எட்டு மாதத்தில் முதல் பேச்சு.

"ஒருத்தருமில்லை. சேவலைப் பீடத்தடியில வைச்சிட்டு வந்தனான்."

"உயிரோடயோ?"

"ஓம்."

"விசரன்," என்றார் அண்ணன். தவநேசனுக்கு அந்தத் திட்டு ஆசீர்வாதம் போலக் கேட்டது.

"அண்ணை, மன்னியுங்கோ. ஜெபத்துக்கெண்டுதான்..."

"ஜெபத்தில சாட்டாத. என்ர கோவம் எட்டு மாசமாப் பழகிப்போச்சு, அதை விடு. நீ தலைகுனிய வைச்சது அவளை. குசினிக்க நிக்கிறாள். போய் அங்க சொல்லு."

வழி நெடுக அவன் மூன்று பகுதிகளும் இரண்டு வசனங்களும் கொண்ட ஒரு மன்னிப்பைத் தயாரித்து வைத்திருந்தான். கஜந்தி தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள்.

"சித்தப்பா, வசனம் சொல்லப் போறியளோ?"

"இல்லை," என்று பொய் சொன்னான். பிறகு தயாரித்ததில் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. "பிழை என்ரதான் பிள்ளை. அது உன்ர கதை. நான் எடுத்து ஊருக்குக் குடுத்திட்டன்."

அவள் திருவுவதை நிறுத்தவில்லை. பாதித் தேங்காய் முடிந்தது.

"அந்தப் பெடியன் வேண்டாமெண்டதுக்கு நான் அழேல்லை, சித்தப்பா. ஆனா அந்த மனுசி என்னைப் பிடிச்சுக்கொண்டு அழுதா. பிறஷர் நூற்றெண்பதுக்கு ஏறிட்டுது. டொக்டர் வந்து என்னைக் கேக்கிறார், அவவுக்கு என்ன செய்தனீர் எண்டு."

சிரிக்கக் கூடாது என்று தவநேசன் உதட்டைக் கடித்தான். அவள்தான் முதலில் சிரித்தாள். சிரித்தபடியே கண்ணைத் தோள்மூட்டில் துடைத்துக்கொண்டாள்.

"இன்னும் எனக்காக ஜெபிக்கிறியளோ?"

"ஒவ்வொரு நாளும்."

"விடாதையுங்கோ. ஆனா வாய் திறக்காமல். ஏலுமோ?"

அவன் உண்மையாகவே யோசித்தான். "வேலையில ஏலும். புதன் பின்னேரம்தான் கஷ்டம்."

அப்போது மீண்டும் போன். சேவல் கட்டை அவிழ்த்துக்கொண்டு நெற்கதிரில் பாதியைத் தின்றுவிட்டதாம். வைத்தவன் வந்து படைத்தால்தான் மற்றக் காணிக்கைகளைப் போல ஏலத்தில் விடலாம் என்று போதகர் அதை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாராம்.

"போதகரைப் பசியில காக்க வைக்காத," என்று அண்ணன் சேர்ட்டை மாட்டினார். விறாந்தை மூலையில் கழுவித் துடைத்து வைத்திருந்த ஒரு பெரிய பூசணிக்காயைத் தூக்கினார். எட்டு மாதக் கோபக்காரர் அதை யாருக்காகக் கழுவி வைத்தார் என்று தவநேசன் கேட்கவில்லை. வாழ்க்கையில் அவன் கேட்காமல் விட்ட முதல் கேள்வி அது. அண்ணன் பூசணிக்காயோடு பின்னால் ஏறினார். கஜந்தி தன் ஸ்கூட்டரில் வந்தாள். அன்று பீடத்தின் முன்னால் சேவலும் பூசணிக்காயும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. போதகரின் அங்கியை என்ன செய்தும் பழைய வெள்ளைக்குக் கொண்டுவர முடியவில்லை.

அடுத்த புதன்கிழமை நாற்பது பேரும் நேரத்துக்கே வந்துவிட்டார்கள். கஜந்தியைப் பண்டிகையில் கண்டவர்கள் ஆயிற்றே.

"ஜெபக் குறிப்புகள் உண்டோ?" என்றார் போதகர்.

எல்லோரும் தவநேசனைப் பார்த்தார்கள். அவன் எழும்பினான்.

"பிள்ளைக்கு வேற இடம் ஏதும் பொருந்தியிருக்கோ, தம்பி?" முன்வாங்கு அம்மா ஒருவர் அவனுக்கு உதவி செய்தார்.

தவநேசனின் வாய் திறந்தது. பிறகு மூடியது. வலது கையை உயர்த்தி, சுட்டுவிரலை மேல்நோக்கிப் பிடித்து, சின்னதாக ஒரு சுற்றுச் சுற்றினான். உட்கார்ந்துவிட்டான்.

ஒருவருக்கும் விளங்கவில்லை. தாஹிர் நானா அங்கே இருந்திருந்தால் விளங்கியிருக்கும்: பாரம் கட்டியாச்சு, மேலே எடு.