பச்சைமுத்து ஒப்புக்கொண்ட தப்பு

இருக்கிறவளையே இல்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்கிற ஆண்கள் நிறைந்த ஊரில், இல்லாத ஒருத்தியை இருக்கிறாள் என்று ஒப்புக்கொண்டவன் பச்சைமுத்து ஒருவனாகத்தான் இருப்பான்.

பெங்களூர் மர்பி டவுனில் அவன் வீட்டு அடுப்பங்கரையில் நின்றுகொண்டு மனைவி யசோதா கேட்டாள். "அந்த பிரேசர் டவுன் இட்லிக்காரிக்கும் உனக்கும் இன்னாயா?"

ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், பின்னே எதற்குத் தினமும் அங்கே போய் நிற்கிறாய் என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு அவனிடம் உண்மையான பதில் இருந்தது. ஆனால் அதைச் சொல்வதைவிட உயிரை விட்டுவிடலாம் என்றிருந்தது அவனுக்கு. கேவலம் என்று பார்த்தால் இரண்டும் கேவலம்தான். இதிலாவது ஆம்பளை என்ற பெயர் மிஞ்சும்.

"ஆமா" என்றான்.

யசோதா கையிலிருந்த கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தாள். விட்டெறிந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

உண்மை இதுதான். பச்சைமுத்து கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஆட்டோ ஓட்டுகிறான். அவன் வண்டியால் ஒரு கோழிக்குஞ்சுக்குக்கூட அடிபட்டதில்லை. ஆனால் கொஞ்ச காலமாக, வண்டி ஒரு குழியில் இறங்கினால் போதும், ஹம்ப் என்கிற வேகத்தடை மேல் ஏறி இறங்கினால் போதும், யார் மேலோ வண்டியை ஏற்றிவிட்டோம் என்று நெஞ்சு அடைக்கும். யாரை, எப்போது என்றெல்லாம் கிடையாது. சக்கரத்துக்கு அடியில் மெத்தென்று இருந்த மாதிரி ஒரு நினைப்பு, அவ்வளவுதான். குழியும் ஹம்ப்பும் இல்லாத ரோடு பெங்களூரில் எங்கே இருக்கிறது? வேறு ஊரில் பிறந்திருந்தால் பாவம் பாதி வியாதியோடு தப்பித்திருப்பான்.

நினைப்பு வந்தால் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும். சவாரி ஏறியிருந்தாலும் சரி. "யாக்கப்பா ரிட்டர்ன் ஹோக்தியா?" என்று, ஏன் திரும்பிப் போகிறாய் என்று கன்னடத்தில் பின்னாலிருந்து கத்துவார்கள். ஏதோ விழுந்துவிட்டது சார், கர்ச்சீப் சார், என்று பொய் சொல்லித் திருப்புவான். ரோடு சும்மா கிடக்கும். அப்பாடா என்று கிளம்பினால், அடுத்த சிக்னலில் மனசு மறுபடி ஆரம்பிக்கும். சரியாகப் பார்த்தாயா? அடிபட்டவனை யாராவது தூக்கிக்கொண்டு போயிருந்தால்?

இருப்பதிலேயே மோசமானது பிரேசர் டவுனில் ஒரு ஸ்கூல் பக்கத்துச் சந்து. பெயிண்ட் அடிக்காத ஹம்ப் ஒன்று அங்கே இருக்கிறது. அந்தச் சந்து முனையில் பாஞ்சாலி என்ற அம்மாள் தள்ளுவண்டியில் இட்லி விற்றுக்கொண்டிருந்தாள். முதல் தடவை திரும்பி வந்தபோது அவளிடம்தான் கேட்டான். "அக்கா, இங்க யாருக்காச்சும் அடி கிடி பட்டுச்சா?" அவள் திகைத்துப் போய் இல்லையே என்றாள். மறுநாளும் கேட்டான். அதற்கு மறுநாளும். கொஞ்ச நாளில் அவன் கேட்கவே தேவையில்லாமல் போயிற்று. ஆட்டோவைப் பார்த்ததும் சட்னிக் கரண்டியை ஆட்டி, "யாருக்கும் ஒண்ணும் ஆவல தம்பி, நீ போ" என்பாள். ஏன் கேட்கிறாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அப்படி ஒரு மனுஷி.

வீட்டிலும் இதே கதைதான், வேறு வேஷத்தில். சாயங்காலம் வந்ததும், "டயர்ல காத்து எறங்கின மாதிரி கீது, கொஞ்சம் பாரு யசோ" என்பான். அவளும் குனிந்து பார்த்து, "ஒண்ணும் இல்லயா" என்பாள். ரத்தம் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறான் என்பது பாவம் அவளுக்கு எப்படித் தெரியும்?

ஆட்டோ ஸ்டாண்டில் கேசவ் என்று ஒருவன். ஊர் வம்பு என்றால் சவாரியைக்கூட விட்டுவிடுவான். பச்சைமுத்து தினமும் அந்தச் சந்தில் நின்று இட்லிக்காரியிடம் குசுகுசுவென்று பேசுவதை இரண்டு மூன்று தடவை பார்த்தான். யசோதா காதில் போட்டுவிட்டான். இட்லியும் வாங்குவதில்லை, பேச்சு மட்டும் இருக்கிறது என்றால் வேறு என்னவாக இருக்கும் என்பது அவன் கணக்கு.

பச்சைமுத்து ஆமாம் என்று சொன்ன மறுநாள் காலை. அதே சந்து, அதே ஹம்ப், அதே நினைப்பு. ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு வந்தவன், தள்ளுவண்டியைச் சுற்றிக் கூட்டம் நிற்பதைப் பார்த்தான். ஐயோ, இன்றைக்கு நிஜமாகவே ஏற்றிவிட்டோம் என்று பிரேக்கை மிதித்தான். அப்புறம்தான் நடுவில் நிற்பது யசோதா என்று தெரிந்தது.

வாய்க்கு வந்தபடி பேசிக்கொண்டிருந்தாள். அவன் மனைவி அப்படிப் பேசி அவன் கேட்டதே இல்லை. பாஞ்சாலி கையில் தட்டோடு நின்றாள். "அம்மா, அவன் வந்து யாருக்காச்சும் அடிபட்டுச்சான்னு கேப்பான். இல்லன்னா போயிடுவான். அவ்வளவுதாம்மா" என்றாள். உண்மையைத்தான் சொன்னாள். ஆனால் அந்த உண்மையைப் போய் யார் நம்புவார்கள்? கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். பிள்ளைகளை ஸ்கூலில் விட வந்த பெண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்போது பாஞ்சாலி அவனைப் பார்த்துவிட்டாள். கூட்டத்துக்கு மேலாகக் கையை நீட்டி, "தோ, அவனே கீறான். வந்து சொல்லச் சொல்லும்மா!" என்றாள்.

எல்லாத் தலையும் திரும்பியது. இறங்கி நாலு எட்டு வைத்தால் போதும். பச்சைமுத்துவுக்கு உடம்பெல்லாம் கூசிற்று. வண்டியை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான். ஹம்ப் மேல் தடக்கென்று ஏறி இறங்கியது. அன்றைக்கு அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

இத்தனை நாளும் செய்யாத குற்றத்துக்காக ஊரெல்லாம் திரும்பித் திரும்பிப் போய்த் தேடினவன், செய்த குற்றத்தை விட்டு ஓடினான். நினைத்தாலே எனக்கு அவனை நாலு வார்த்தை கேட்க வேண்டும்போல் இருக்கிறது. ஆனால் அவன் தன்னையே அதைவிட மோசமாகக் கேட்டுக்கொண்டான்.

அப்புறம் அந்தச் சந்து முனையில் தள்ளுவண்டி வரவே இல்லை. யசோதா சோறு போட்டாள், பேசவில்லை. தட்டை அவன் முன்னால் வைக்கிற சத்தமே பேச்சாக இருந்தது.

ஓசூர் ரோட்டில் இருக்கும் பெரிய மனநல ஆஸ்பத்திரிக்கு எத்தனையோ பேரைச் சவாரி கொண்டுபோய் விட்டிருக்கிறான். இறங்குகிறவர்கள் முகத்தைப் பார்க்காமல் மீட்டரை மட்டும் பார்ப்பான். ஒரு நாள் காக்கிச் சட்டையைக் கழற்றி சீட்டுக்கு அடியில் திணித்துவிட்டு அவனே உள்ளே போனான். தெரிந்தவன் யாராவது பார்த்துவிட்டால் சொல்வதற்கு ஒரு பதிலும் தயாராக இருந்தது.

அந்தப் பதிலையே மனநல ஆலோசகரிடமும் சொன்னான். அம்ருதா என்று பெயர், சின்ன வயசு, தமிழ் பேசினாள். "எனக்கு இல்ல மேடம். என் மச்சானுக்கு. அவன் ஆட்டோ ஓட்டறான்."

மச்சானின் கதை முழுவதையும் அம்ருதா குறுக்கே பேசாமல் கேட்டாள். "உங்க மச்சான்கிட்ட சொல்லுங்க, இது நிறைய பேருக்கு வர்றதுதான். ஓ.சி.டி., ஒரே நினைப்பு திரும்பத் திரும்ப வர்ற நோய்னு சொல்வோம். அவர் கெட்டவரும் இல்ல, அசால்ட்டா ஓட்டறவரும் இல்ல. மத்தவங்களுக்கும் இந்த மாதிரி நினைப்பு வந்துட்டுப் போயிடும். அவருக்குப் போகாம பிடிச்சுக்குது."

"இதுக்கு மருந்து கீதா மேடம்?"

"இருக்கு. டாக்டர் பார்த்து எழுதுவார். சில வாரம் கழிச்சுத்தான் வேலை செய்யும், பொறுமை வேணும். மருந்தால தூக்கம் வந்தா, வண்டி ஓட்டறவர்னு டாக்டர்கிட்ட சொல்லி மாத்தி வாங்கிக்கலாம். இன்னொரு வழி பயிற்சி. நானே கூட இருந்து சொல்லித் தருவேன். ஹம்ப் மேல ஏத்தணும். திரும்பிப் போகக்கூடாது. கண்ணாடியில தேடக்கூடாது. யாரையும் கேக்கக்கூடாது. பயம் வரும், வரட்டும். நாம ஒண்ணும் பண்ணலன்னா அது தானா அடங்கும். சுலபமான ரோட்டுல ஆரம்பிச்சு, கஷ்டமான ரோட்டுக்குப் போகலாம். மாத்திரை, பயிற்சி, ரெண்டுல ஒண்ணும் பண்ணலாம், சேர்த்தும் பண்ணலாம்."

"நெஜமாவே இடிச்சிருந்தா?"

"இடிச்சிருக்கலாம், இடிக்காமலும் இருக்கலாம்னு சொல்லிட்டு ஓட்டணும்."

"இன்னா மேடம் இது! மனுசன் உயிரு!" என்று மச்சானுக்காகக் கோபப்பட்டான் பச்சைமுத்து.

"அதுதான் கஷ்டம். யாராலயும் நூத்துக்கு நூறு சொல்ல முடியாது. ஒண்ணும் ஆகலன்னு யாராவது சொன்னா அப்போதைக்கு நிம்மதியா இருக்கும். அந்த நிம்மதியைத் தின்னுதான் இது வளருது. அதனால அவர் வீட்டுல இருக்கறவங்களும் வரணும். அவங்களும் பதில் சொல்றதை நிறுத்தணும்." அம்ருதா பேனாவை எடுத்தாள். "மச்சான் பேர் என்ன?"

தரையைப் பார்த்துக்கொண்டே, "பச்சைமுத்து" என்றான்.

வீட்டுக்குப் போனபோது யசோதா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். முதுகைப் பார்த்துப் பேசுவது சுலபமாக இருந்தது. ஹம்ப், டயர், ரத்தம், இட்லிக்காரி, மச்சான் என்று சொன்ன பொய் வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். தண்ணீர் விழுகிற சத்தம் எப்போது நின்றது என்று அவனுக்குத் தெரியாது.

"அப்போ அந்தப் பொம்பள?"

"ஒண்ணும் இல்ல யசோ. அது எனக்கு அக்கா மாதிரி."

சந்தோஷப்படுவாள் என்று ஒரு மூலையில் நினைத்திருந்தான், முட்டாள். யசோதா திரும்பினாள். முகத்தில் அப்படி ஒரு கோபம். அன்று சந்தில்கூட அவ்வளவு இல்லை.

"பைத்தியம்னு உனக்கு ஒரு பேரு வந்துடக்கூடாது. குடி கெடுத்தவள்னு அவளுக்கு வரலாம். புருசனைக் கோட்டை விட்டவள்னு எனக்கு வரலாம். உன் மானம் மட்டும்தான் மானம், இல்ல?"

 

அவன் சொன்னதை அவள் முழுசாக நம்பவும் இல்லை. ஒரு பொய்யை அவ்வளவு சுலபமாகச் சொன்னவன், இதையும் சொல்லலாமே? அடுத்த தடவை அவளும் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அம்ருதா சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டாள். அவன் கேட்டால் பதில் சொல்லக்கூடாது என்பதை மட்டும் இரண்டாம் தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள். வெளியே வந்து ஆட்டோவில் ஏறினதும், "அந்தம்மா இப்ப எங்க கடை போடுது?" என்றாள்.

விசாரித்ததில் விவேக் நகர் என்று தெரிந்தது. சர்ச்சுக்குப் போகிற வழியில், பஸ் நிற்கிற இடத்தில் பாஞ்சாலி தள்ளுவண்டிக் கடையைக் கட்டிக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. மறுபடி சண்டை என்று நினைத்தாள் போலிருக்கிறது.

யசோதா நேரே போய் அவள் கையைப் பிடித்தாள். "தப்பு பண்ணிட்டேங்கா. தீர விசாரிக்காம பேசிட்டேன். மன்னிச்சுடு" என்றாள். பச்சைமுத்துவும் பக்கத்தில் நின்று, தன் வியாதியைப் பற்றி ஏதோ முனகினான். 

பாஞ்சாலி அழவில்லை, திட்டவும் இல்லை. "எனக்குத் தெரியும் தம்பி, உனக்கு ஏதோ மனசுல கொறைன்னு. அதான் கேட்டப்பல்லாம் சொன்னேன்" என்றாள். "ஆனா இங்க வந்து சொல்லி இன்னா பிரயோஜனம்? இங்க என்னை யாருக்குத் தெரியும்? என்னை அசிங்கப்படுத்தினது அந்தத் தெருவுல. அங்க சொல்லு."

"வண்டிய எடு" என்றாள் யசோதா.

தள்ளுவண்டியை அங்கேயே ஓரம் கட்டிவிட்டு, பின் சீட்டில் இரண்டு பெண்களும் உட்கார்ந்தார்கள். வழியெல்லாம் குழி. ஒவ்வொன்றிலும் பச்சைமுத்துவின் நெஞ்சு நின்று நின்று அடித்தது. பிரேசர் டவுன் வந்தது. ஸ்கூல் விடுகிற நேரம், சந்தெல்லாம் பிள்ளைகள். ஹம்ப் மேல் வண்டி ஏறி, தடக்கென்று இறங்கியது. மெத்தென்று இருந்தது. சத்தியமாக மெத்தென்று இருந்தது.

"யசோ... ஒண்ணும் இல்லியே?"

பாஞ்சாலி பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தாள். யசோதா அவள் முழங்கை மேல் கையை வைத்தாள். இரண்டு பேரும் பேசவில்லை. அது ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்த மௌனமா, இல்லை இன்னும் ஆறாத கோபமா என்று அவனுக்குத் தெரியவில்லை. கேட்கவும் வழியில்லை. முதுகெல்லாம் வேர்த்து ஊற்ற, கண்ணாடியைப் பார்க்காமல், சந்து முனை வரை ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினான்.

சந்து முனை டீக்கடையில் அன்று வேடிக்கை பார்த்த அதே முகங்கள். பாஞ்சாலி இறங்கியதைப் பார்த்ததும் ஒருவன் மற்றவனை இடித்துக் காட்டினான். பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பச்சைமுத்து இறங்கினான். காக்கிச் சட்டையின் பித்தானைத் திருகிக்கொண்டே நின்றான். கால் ஆட்டோவை நோக்கித் திரும்பப் பார்த்தது.

"இந்தம்மா மேல ஒரு தப்பும் இல்ல" என்றான். "எனக்குத்தான் மனசு சரியில்ல. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு இருக்கேன்."

டீக்கடைக்காரன் காதில் விழாமல், "இன்னாது?" என்றான்.

"சத்தமாச் சொல்லு" என்றாள் யசோதா, பின்னாலிருந்து.

சத்தமாகச் சொன்னான்.