மேஸ்திரி கொண்டுபோன துண்டு

"துண்டத் தூக்கிக் கடாசிடாதீங்கப்பா. குளிப்பாட்டிட்டு மறுபடியும் மேலயே போடணும்."

தண்ணீர்க் குடத்தோடு நின்றவர்களைத் தேவேந்திரன் சித்தப்பா நிறுத்தினார். பெஞ்சில் கிடத்தியிருந்த கோதண்டத்தின் நெஞ்சின் மேல் பச்சைக் கட்டம் போட்ட அந்தத் துண்டு, ஏரிச் சேறு காய்ந்து விறைத்துக் கிடந்தது.

"நான்தானே மொதல்ல பாத்தேன். சேத்துத் திட்டு மேல அண்ணன் மல்லாக்க கெடக்குறாரு. மேஸ்திரி பக்கத்துலயே குந்திகினு இருக்குது. நெஞ்சு மேல துண்டு. வாயில்லா ஜீவன், போத்திவிட்டிருக்குது பாருங்க."

கூட்டம் உச்சுக் கொட்டியது. "பெத்த புள்ளகூட இப்டி செய்யாது" என்ற அங்காளம்மாள், சுவரோரம் நின்ற லோகநாயகியைப் பார்த்ததும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

பெற்ற பிள்ளை அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாய் போர்த்தவில்லை என்பது லோகாவுக்குத் தெரியும். அவள் திருப்பி அனுப்பியதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது, அவ்வளவுதான்.

கோட்டைக்குப்பத்தில் நாய்க்கா பஞ்சம்? ஆனால் போட்டதை எடுத்துவரும் நாய் மேஸ்திரி ஒன்றுதான். வலையிலிருந்து அறுந்து போகும் மிதவைகளைத் தேடிச் சேற்றில் நடக்க அவள் நைனா கோதண்டத்தின் முட்டிவலி விடவில்லை. அதனால் நாய்க்குப் பாடம் எடுத்தார். முதலில் வாசலில், கருவாடு தேய்த்த தெர்மாகோல் துண்டு. அப்புறம் கணுக்கால் தண்ணீர், முழங்கால் தண்ணீர், கடைசியில் படகிலிருந்து. கடித்துக் குதறாமல் தூக்கிவரப் பழக, வாயில் முட்டையைக் கொடுத்தார். முதல் வாரம் ஒன்பது முட்டை காலி.

"கட்டுன பொண்டாட்டிக்கு ஒரு ஆம்லெட் கெடையாது. நாய்க்கு டியூசனு!" என்று அம்மா வேலம்மா கரண்டியோடு வந்தாள். பத்தாவது முட்டை உடையாமல் வந்தது. அதை அவரே ஆம்லெட் போட்டு அவள் தட்டில் வைத்தார்.

"கைய நீட்டிக் கேட்டா வெளையாட்டுனு ஓடும். தொரத்துனா இன்னும் ஓடும். முதுகக் காட்டிகினு, கையப் பின்னால வையி. தானா வந்து வைக்கும்" என்பார். அப்படியே நின்றும் காட்டுவார், சிரிப்பை அடக்கிக்கொண்டு. உள்ளங்கையில் ஈரம் பட்டதும், "சபாசு மேஸ்திரி!"

வீட்டில் சண்டை வந்தால் அதுதான் தபால்காரன். நைனா யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. ஒரு சங்கு, ஒரு கிளிஞ்சல், ஒருமுறை லோகாவின் ஒற்றைச் செருப்பு, எதையாவது நாயிடம் கொடுத்து "லோகாகிட்ட குடு" என்பார். வாங்கிக்கொண்டால் சமாதானம்.

நேற்று மீஞ்சூர் கம்பெனியில் மூன்றாவது முறையாக அவளை வேண்டாமென்று அனுப்பியிருந்தார்கள். காலையில் கஞ்சி குடித்துக்கொண்டே நைனா சிரித்தார். "நீ மூணு வருசம் படிச்ச. மேஸ்திரி மூணே மாசம். அதுக்கு வேலை கெடச்சிடுச்சு பாரு."

"அப்ப அதையே பொண்ணுனு சொல்லிக்கோ. எங்கிட்ட பேசாத."

அவளுடைய டிகிரி சர்டிபிகேட்டை லேமினேட் செய்து முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியவரும் இதே மனுஷன்தான். அது அப்போது நினைவுக்கு வரவில்லை.

ஒன்பதரை மணிக்கு ஏரிக்கரையில் உட்கார்ந்து போனில் இன்னொரு கம்பெனிக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தாள். நைனா வலை பார்க்கப் போயிருந்த முட்புதர் வளைவைச் சுற்றி, வாயில் அவர் துண்டோடு மேஸ்திரி நீந்தி வந்தது. துண்டைக் காலடியில் போட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்தது. குரைக்கவில்லை. குரைக்க அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

தூது வந்துவிட்டது என்று நினைத்தாள். துண்டைச் சுருட்டித் தண்ணீரில் எறிந்தாள்.

"போ. உங்க நைனாகிட்டயே குடு."

மேஸ்திரி கொஞ்சம் நின்றது. பிறகு சொன்ன பேச்சைக் கேட்டது.

மாரடைப்பு, விழுந்த உடனே உயிர் போயிருக்கும் என்று பழவேற்காட்டு டாக்டர் சொன்னார். 'உடனே'ன்னா எவ்ளோ நேரம் என்று லோகா மூன்று தடவை கேட்டாள். மூன்றாவது தடவை அவர் ஸ்டெதஸ்கோப்பை மடித்துப் பையில் வைத்தார்.

நாலு மணிக்குத் தூக்கினார்கள். சித்தப்பா கொள்ளிச்சட்டியை எடுத்தார். லோகா பின்னாலேயே நடந்தாள்.

"பொம்பளைங்க தெருமுனையோட நின்னுக்கணும்மா."

வேறு நாளாக இருந்தால் எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கேட்டு ஊரையே கூட்டியிருப்பாள். இன்றைக்கு எதையும் கேட்கத் தனக்கு யோக்கியதை இல்லையென்று பட்டது. நின்றுகொண்டாள்.

பாடை பின்னால் ஓடக் கூடாதென்று மேஸ்திரியைப் படகோடு வலைக்கயிற்றால் கட்டியிருந்தார்கள். திரும்பி வந்து அவிழ்த்துவிட்டாள். அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏரிக்குள் பாய்ந்தது.

உள்ளே அம்மா வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ம்மா. அந்தத் துண்டு எங்கிட்ட வந்துச்சு."

துடைப்பம் நிற்கவில்லை.

"காலைல. சமாதானத்துக்கு அனுப்பிச்சாருன்னு நெனச்சேன். அவர்கிட்டயே குடுன்னு தண்ணில தூக்கிக் கடாசிட்டேன். அதான் அவரு மேல கெடந்துச்சு. நான் அப்பவே எழுந்து போயிருந்தா..."

வேலம்மா தண்ணீரை வாசல்வரை தள்ளி முடித்தாள். துடைப்பத்தைச் சாத்திவிட்டு உள்ளே போனாள். அரிசி டிரம்மின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் நைனாவின் நீலத் தொப்பி. ஈரம் இன்னும் காயவில்லை. சுற்றிலும் அரிசி ஒட்டியிருந்தது.

"உனக்கு முன்னாடி இங்கதான் வந்துச்சு. மீன் ஆஞ்சிகினு இருந்தேன். தொப்பியகூட ஒழுங்கா வெச்சிக்கத் தெரியலன்னு திட்டிட்டு கொடியில மாட்டுனேன். தூக்கிகினு வராங்கன்னு சத்தம் கேட்டதும் டிரம்முல போட்டேன்."

"இன்னாத்துக்கு ஒளிச்ச?"

"நீ கத்துவ."

லோகா கீழே உட்கார்ந்தாள். தொப்பியை வாங்கி மடியில் வைத்து, ஒட்டியிருந்த அரிசியை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தாள். அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து மறுபுறத்திலிருந்து எடுத்தாள்.

பொழுது சாயும்போது வாசலில் தண்ணீர் சொட்டும் சத்தம். மேஸ்திரி. வாயில் ஒரு மிதவை, அறுந்த கயிற்றோடு. நைனா படுத்திருந்த பெஞ்சைப் பார்த்தது. அவர்கள் இருவரையும் பார்த்தது. லோகா எழுந்து கையை நீட்டினாள். அது ஓரடி பின்வாங்கியது.

வேலம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மகள் தோளைப் பிடித்துச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். தானும் திரும்பி நின்றாள்.

பின்னால் இரண்டு உள்ளங்கைகள் விரிந்திருந்தன. கழுவின தரையில் ஈரக் காலடி ஒன்று, இரண்டு, மூன்று வந்து நின்றது. யார் கையென்று பார்க்கிறது போல.