பின்னாலிருந்து கூப்பிடாமல்

துரைப்பாண்டி காலையிலிருந்து மூன்று தடவை ரயில் நேரத்தைப் பார்த்துவிட்டார். மகன் மகாராஜா மறுபடியும் சென்னைக்கு வேலைக்குப் போகிறான், சாயந்தர ரயிலில். போன தடவை போனவன் சீக்கிரமே வேலையை விட்டுவிட்டான். போனையும் அணைத்துவிட்டான். இரண்டு மாதம் எங்கே இருந்தான் என்றே தெரியவில்லை. கன்னம் ஒட்டித் திரும்பி வந்தவனை வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் மறுபடி காணாமல் போய்விடுவானோ என்று பயம்.

கல்லூரியில் அன்றைக்கென்று பார்த்து அந்தப் பாடம்தான் வந்தது. துரைப்பாண்டி ஆங்கில ஆசிரியர். பழைய ஆங்கில இலக்கியத்தில் அப்பாக்கள் மகன்களுக்குச் சொன்ன புத்திமதிகளை ஒப்பிட வேண்டும். ஒரு நாடகத்து அப்பா, கப்பலேறப் போகிற மகனைப் பிடித்து நிறுத்தி, கடன், சட்டை, சண்டை, சிநேகிதம் என்று ஒன்று விடாமல் சொல்லித் தீர்க்கிறார். இன்னொருவர் நிஜமான பிரபு. எப்படிச் சிரிப்பது என்பது வரைக்கும் மகனுக்கு வருடக்கணக்கில் கடிதம் எழுதித் தள்ளியவர். முன்னவரிடம் அவசரம், பின்னவரிடம் நிதானம் என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது பர்ஹத் என்ற மாணவி எழுந்தாள்.

“சார், கடிதம் எழுதுனவரு மவன் நல்லா வந்தானா?”

“அவனுக்கு ஒரு பொண்டாட்டியும் ரெண்டு பிள்ளையும் இருந்ததே, அவன் செத்த பொறவுதாம்மா அவருக்குத் தெரிஞ்சுது.”

வகுப்பே சிரித்தது. இத்தனை வருடமாக இதைச் சிரிப்புக்காகத்தான் சொல்லிவந்தார். இன்று கரும்பலகைப் பக்கம் திரும்பி, எழுதியதை அழிக்கத் தொடங்கினார்.

வீட்டுக்கு வந்தால் மகன் பையும் தோளுமாக நின்றான். “பைக்ல கொண்டு விடுதேன்” என்றார். “வேண்டாம்ப்பா, நடந்தே போறேன்” என்றான். போன தடவை பைக்கில், பிளாட்பாரத்தில், ரயில் நகர்ந்த பிறகும் ஜன்னலோடு கூடவே ஓடிப் புத்திமதி சொன்ன மனிதர் அவர். இந்தத் தடவை வாயே திறப்பதில்லை என்று மனைவி சங்கரேஸ்வரியிடம் சத்தியம் செய்திருந்தார். மகன் “போயிட்டு வாரேன்” என்றபோது தலையை மட்டும் ஆட்டினார்.

அவன் தெருமுனையைத் தொடும்போதுதான் சுவரில் சார்ஜர் தொங்குவது கண்ணில் பட்டது. இது இல்லாவிட்டால் போன் ராத்திரியே செத்துவிடும். மறுபடியும் அந்த ‘அணைத்து வைக்கப்பட்டுள்ளது’ குரலைக் கேட்டுக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். ‘ஏலே’ என்று கத்தப் போனவரின் கையைச் சங்கரேஸ்வரி பிடித்துக்கொண்டாள்.

“போற பிள்ளையப் பின்னால இருந்து கூப்பிடாதீங்க. சுத்தி முன்னால போங்க.”

செருப்புக்கூடப் போடாமல் பின்சந்து வழியே ஓடினார். சாக்கடையைத் தாண்டி, குறுக்கே கட்டியிருந்த ஆட்டுக்கு விலகி, ரதவீதியில் மகனுக்கு எதிரே போய் நின்றார்.

அப்பாவைப் பார்த்ததும் மகாராஜாவின் முகம் இறுகியது. அவர் சார்ஜரை நீட்டினார். வாங்கிக்கொண்டவன் நகரவில்லை. பையை இறக்கித் தரையில் வைத்தான்.

“சொல்லுங்கப்பா. சொல்லணும்னுதான ஓடியாந்திய?”

சொல்ல எவ்வளவோ இருந்தது. நேரத்துக்குச் சாப்பிடு, எதிர்த்துப் பேசாதே, வேலையை விடாதே.

“போன தடவ…” என்றார். மூச்சு வாங்கியது. “அந்த ரெண்டு மாசமும் எங்கலே இருந்த, மக்கா? என்ன சாப்பிட்ட?”

ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. மகாராஜா தலையைக் குனிந்துகொண்டு சார்ஜர் வயரை விரலில் சுற்றினான். பிரித்தான். மறுபடி சுற்றினான். பை தரையிலேயே இருந்தது.