துரை காரின் புல்லி

கழற வேண்டியது புல்லி. கழன்றது சுத்தியலின் தலை. நான் ஓங்கிய வேகத்தில் அது பிடியை விட்டுப் பறந்து, வாசலில் அடுப்பேற்றியிருந்த என் தங்கை அழகம்மாவின் மரவள்ளிக்கிழங்குக் கஞ்சிச் சட்டியைப் பிளந்தது. குடும்பத்தின் மதியச் சாப்பாடு சாம்பலில் ஓடியது.

"ஜப்பான்காரன் குண்டு போட்டப்பகூட இந்தச் சட்டி தப்பிச்சுச்சுண்ணே" என்றாள் அழகம்மா. குனிந்து ஓடுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நான் மலாயாவில் ரப்பர் தோட்டத்து டிரைவர். மெக்கானிக் இல்லை. இருந்த மெக்கானிக்கைப் பட்டறைச் சாமான்களோடு சேர்த்து ஜப்பான்காரர்கள் ஏற்றிக்கொண்டு போனபின், ஸ்டியரிங் பிடிக்கத் தெரிந்தவனுக்கு எஞ்சினும் தெரிந்திருக்கும் என்று ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி இராசையா முடிவு செய்துவிட்டார். நானும் மறுக்கவில்லை. ஒருவர் நம்மைப் பற்றி உயர்வாக நினைக்கும்போது குறுக்கே பேசுவது மரியாதையாகாது.

வண்டி, ஓடிப்போன வெள்ளைக்காரத் துரையுடையது. காரின் பின்பக்கத்தை அறுத்து, பலகை அடித்து, குட்டி லாரியாக்கி தொழிலாளர் லயத்தில் என் வீட்டு வாசலில் நிறுத்தியிருந்தோம். எஞ்சினுக்கு முன்னால் பெல்ட்டைச் சுற்ற வைக்கிற இரும்புச் சக்கரம்தான் புல்லி. அதன் பின்னாலிருந்து ஆயில் கசிந்து பெல்ட் வழுக்கியது. பக்கத்து டவுன் பாடாங் செராய் போவதற்குள் எஞ்சின் கொதித்தது. புல்லியை இழுத்தெடுத்து, உள்ளே மக்கிப்போன கம்பளி வளையத்தை மாற்றினால் போதும். புது வளையத்துக்காகத் துரை விட்டுப்போன தொப்பியின் விளிம்பை வெட்டி வைத்திருந்தேன். தொப்பி வேலையை முடிப்பதில் எனக்குச் சிரமமே இருக்கவில்லை. புல்லிதான் துரை மாதிரியே அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"கெதியாச் செய், இருளப்பன். யானுக்குப் போய் அரிசி ஏத்தவேணும்" என்று கிராணி அவசரப்படுத்தியிருந்தார். யான், நெல் விளைகிற ஊர். அரிசி என்ற அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் இவ்வளவு பாடுபட்டது. சோறு என்ன நிறம் என்றே மறந்துபோயிருந்தது.

அழகம்மாவின் புருஷன் பக்கிரிசாமிக்கு மட்டும் சந்தேகம். ரப்பர் மரத்தில் பால் வெட்டு முடித்து வந்து எனக்கு ஒத்தாசை செய்துகொண்டிருந்தவன், சுத்தியலுக்குப் பிடி சீவியபடி சொன்னான். "சுங்கைப் பட்டாணி டேசன்ல கூட்ஸ் வண்டி வந்து நிக்குதாம் மச்சான். பக்கத்துத் தோட்டத்துல சயாமுக்கு ரயில் ரோடு போட ஆள் புடிச்சப்பவும் முதல்ல லாரியத்தான் ரிப்பேர் பண்ணுனாங்களாம். மூணு மாசம்னு ஏத்துனாங்க. போனவன்ல ஒருத்தனாச்சும் வந்தானா?"

"வாயக் கழுவு மாப்ளே" என்றேன். ஆனாலும் அவனை ஏற்றிக்கொண்டு போனால்? கைக்குழந்தையை வைத்துக்கொண்டு என் தங்கை என்ன செய்வாள்? நேராகக் கிராணியிடமே போனேன்.

"ஐயா, வண்டி அரிசிக்குத்தானே? சயாமுக்கு ஆள் ஏத்துறதுக்கு இல்லியே?"

"பாப்பம்" என்றார்.

பாப்பம் என்றால் பார்ப்போம். யாழ்ப்பாணத்துக்காரரான அவருக்குக் கூரை ஒழுகலுக்கும் அது போதும், காய்ச்சல் லீவுக்கும் அது போதும். ஆமாமும் கிடையாது, இல்லையும் கிடையாது. எங்கள் ஆட்களோ அதை "ஆகட்டும்" என்று எடுத்துக்கொண்டு கும்பிடு போட்டுத் திரும்புவார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டுதான் திரும்பினேன். பாதி வழியில்தான் உறைத்தது, எனக்கு ஒரு பதிலும் கிடைக்கவில்லை என்று. மறுநாள் அவர் மனைவி பாலாம்பிகையிடம் கேட்டேன். "அவரைக் கேளுங்கோ" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

மனுஷனைத் திட்ட முடியாத கோபத்தையெல்லாம் புல்லி மேல் காட்டினேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லக்கூட ஒரு தோட்டத்தானுக்கு யோக்கியதை இல்லையா? இரும்பு அதற்கும் வாய் திறக்கவில்லை.

கடைசியில் புகைக்கூடத்துக்குப் போய், ரப்பர் கட்டியை ஷீட்டாக அழுத்தும் மிஷினின் நீளத் திருகைக் கழற்றி வந்தேன். புல்லியின் விளிம்பை இரண்டு கொக்கிகளால் கவ்வி, அவற்றை ஓர் இரும்புப் பட்டையில் மாட்டி, பட்டையின் நடுவே திருகை நுழைத்து, அதன் முனையை எஞ்சின் தண்டில் முட்டுக் கொடுத்தேன். அழகம்மா மண்ணெண்ணெய்த் தகரத்தில் வெந்நீர் வைத்து, என்னைக் கிட்டே விடாமல், தானே புல்லி மேல் ஊற்றினாள். பக்கிரிசாமி கடப்பாரையால் திருகை முறுக்கினான்.

"மச்சான், இது கழண்டா நமக்கு நல்லதா கெட்டதா?"

"முறுக்குடா, சோறு வரும்."

டக்கென்று ஒரு சத்தம். புல்லி மடியில் விழ, நான் மல்லாக்கச் சேற்றில் விழுந்தேன். குழந்தை கைகொட்டிச் சிரித்தது.

அந்த நேரம் பார்த்துக் கிராணி சைக்கிளில் வந்து இறங்கினார். "நல்லது. வளையத்தை மாத்தி உடனே பூட்டு" என்றார். பிறகு பக்கிரிசாமியைப் பார்த்து, எங்கோ மரத்திடம் பேசுவதுபோல, "உன்னட்டைப் போர்வை இருக்கோ?" என்று கேட்டார்.

நான் சேற்றோடு எழுந்தேன். "யானுக்கு அரிசி ஏத்தப் போறவனுக்குப் போர்வை எதுக்குங்க ஐயா?"

"அது... பாப்பம், இருளப்பன்."

"என்னத்தங்க பாக்குறது? என் கையாலயே வண்டிய ரிப்பேர் பண்ண வச்சு, என் தங்கச்சி புருஷனையே ஏத்திக்கிட்டுப் போவீங்க, நான் கேட்டா பாப்பமா? என்னைய மாடுன்னு நெனச்சீங்களா? மாட்டுக்குக்கூட எந்தப் பக்கம் போகணும்னு கயித்த இழுத்துக் காட்டுவாங்க." புல்லியை நெஞ்சோடு கட்டிக்கொண்டேன். சூடு சட்டையைத் தாண்டிச் சுட்டது. "வண்டி எங்க போவுது? இவன் போறானா, இல்லியா? அதச் சொல்லுங்க."

கிராணி கண்ணாடியைக் கழற்றினார். குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு நின்ற அழகம்மாவைப் பார்த்தார். 

"டேசனுக்கு. அங்கயிருந்து சயாமுக்கு. இவனும் போறான்" என்றார். "ஜப்பான்காரங்கள் மூண்டு மாசமெண்டு சொல்லச் சொன்னவங்கள். அது பொய். அந்தப் புல்லியைப் பூட்டாத, இருளப்பன்."